முட்டித் தேய்மானமும் மெலியும் தொடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டி தேய்ந்தவர்கள் வீட்டில் பேச்செல்லாம் எக்ஸ்ரேயைப் பற்றித்தான். எத்தனையாவது கட்டம், இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஊசியா ஆபரேஷனா என்று பேசுவார்கள். அதே முட்டிக்கு மேலே தொடை மெலிந்துகொண்டு வருவதை யாரும் கவனிப்பதில்லை. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்க இன்றைக்கு மருந்து இல்லை. தசையை வளர்க்கலாம், எண்பது வயதிலும் வளர்க்கலாம். அதனால் இந்தப் பக்கம் முழுக்கத் தசையைப் பற்றித்தான்.

முட்டி தேய்ந்தால் தொடை ஏன் மெலிகிறது?

இரண்டு காரணம். முதலாவது எல்லாரும் ஊகிப்பதுதான். வலிக்கிறது, அதனால் அந்தக் காலை அழுத்தி ஊன்றுவதில்லை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றி எழுகிறோம், படி ஏறும்போது எப்போதும் நல்ல காலையே முதலில் வைக்கிறோம். வேலை இல்லாத தசையை உடம்பு வைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது காரணம் வெளியே தெரியாதது. முட்டிக்குள் நீர் கோத்தாலோ வீங்கினாலோ, மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. தண்டுவடம் தொடையின் முன்தசைக்குப் போகும் தூண்டலைக் குறைத்துவிடுகிறது. நாம் கேட்டு நடப்பதல்ல, தானாக நடப்பது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் முட்டிக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மி.லி. ஏறியதுமே தொடையின் உட்பக்கத் தசையின் இயக்கம் மங்கியது. இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் அது. வெளிப்பக்கத் தசைக்கு 50, 60 மி.லி. தேவைப்பட்டது. முட்டிக்கு உள்பக்கமாக, சற்று மேலே, தொடை குழி விழுந்தாற்போல முதலில் மெலிவது பலருக்கு இதனால்தான்.

இந்த நிலையில் பயிற்சி செய்வது, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது மாதிரி. வீக்கம் இருந்தால் ஐஸ் ஒத்தடம், மருத்துவர் சொல்லும் மருந்து, தேவைப்பட்டால் நீரை உறிஞ்சி எடுப்பது என்று அதையும் கவனிக்க வேண்டும். பயிற்சியோடு சேர்த்துத்தான், வீக்கம் முழுதாக வடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னும் கொஞ்சம் தசை போயிருக்கும்.

எந்தத் தசை, எவ்வளவு குறைகிறது?

முதல் அடி தொடையின் முன்பக்கத் தசைக்கு. குவாட்ரிசெப்ஸ் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வது இதைத்தான். முட்டியை நீட்டுவதும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் தாங்கிப் பிடிப்பதும், படி இறங்கும்போது உடம்பைத் தடுத்து நிறுத்துவதும் இதன் வேலை. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தத் தசையின் வலு, அதே வயதில் முட்டி நன்றாக உள்ளவர்களைவிடப் பெரும்பாலும் 20 முதல் 40 சதவீதம் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடையின் பின்தசை, இடுப்புப் பக்கவாட்டுத் தசை ஆகியவையும் வலுவிழக்கின்றன. முன்தொடைக்குக் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

தசை மெலிவதும் வலு குறைவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. வலுதான் முதலில், வேகமாகக் குறையும்.

தேய்மானத்தால் தசை போனதா, தசை போனதால் தேய்மானம் வந்ததா?

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் முட்டி வலியே இல்லாதவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் தொடையின் முன்தசை பலவீனமாக இருந்தது, தசை மெலியாமலேயே. வலியால் காலைப் பயன்படுத்தாததுதான் ஒரே காரணம் என்ற நினைப்பை அந்த ஆய்வு அசைத்துவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும், முன்தொடை பலவீனமாக உள்ளவர்களுக்குப் பின்னால் தேய்மானம் வரும் வாய்ப்பு ஆண், பெண் இருபாலருக்கும் கூடுதலாக இருந்தது.

வயதானால் எல்லாருக்கும் தசை குறையத்தானே செய்யும்?

குறையும். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். இதற்கு சார்க்கோபீனியா என்று 1989இல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க். அது உடம்பு முழுக்க நடப்பது. முட்டித் தேய்மானத்தால் வருவது அந்தக் காலில் கூடுதலாக நடப்பது. நம் ஊரில் 65 வயது அம்மா ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், சர்க்கரையும் இருந்தால் மூன்று. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்குத் தசை குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

நாற்காலி ஒன்று போதும். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். யாராவது பக்கத்தில் நின்று நேரம் பார்க்கட்டும். ஆசிய நாடுகளுக்கான 2019ஆம் ஆண்டு சார்க்கோபீனியா வழிகாட்டுதல்படி 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். முட்டி வலியாலும் நேரம் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் இன்றைக்கு எடுத்த நேரத்தைக் குறித்து வைத்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியும்.

அதே வழிகாட்டுதலில் கெண்டைக்காலின் சுற்றளவும் இருக்கிறது: ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு சோதிக்கச் சொல்கிறார்கள். டேப் இல்லையா, ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்களுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலில் நீர் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது.

அன்றாட வாழ்க்கையிலும் அடையாளங்கள் உண்டு. படி இறங்கும்போது கைப்பிடியை விட முடியவில்லை. பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது முட்டி சட்டென்று மடங்கிவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விழுந்து இடுப்பு உடைவதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை பல நேரம் அது ஒன்றுதான்.

என் தொடை பருமனாகத்தான் இருக்கிறது. பிறகு எப்படித் தசை குறைந்திருக்கும்?

பருமன் தசையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. தோலுக்கு அடியில் கொழுப்பு, அது போக தசை நார்களுக்கு நடுவிலேயே கொழுப்பு. ஸ்கேனில் பார்த்தால் தேய்மானம் உள்ளவர்களின் தொடைத் தசைக்குள் கொழுப்பு கோடு கோடாக ஊடுருவியிருப்பது தெரியும். டேப் பழைய அளவையே காட்டும், வலு மட்டும் போயிருக்கும். உடல் எடை அதிகம், தசை குறைவு என்ற இந்தச் சேர்க்கைதான் முட்டிக்கு மிகக் கெட்டது: சுமப்பதற்கு நிறைய இருக்கிறது, சுமக்க ஆள் இல்லை.

ஓய்வு எடுத்தால் முட்டிக்கு நல்லதுதானே?

வலி கடுமையாக ஏறிய ஓரிரு நாள், சரி. அதற்கு மேல் ஓய்வு என்பது கடன்தான். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போய்விட்டது. இவர்கள் முட்டி வலி இல்லாதவர்கள்! டெங்குவுக்கோ வேறு ஆபரேஷனுக்கோ ஒரு வாரம் படுத்து எழுந்தபின் “அதிலிருந்துதான் முட்டி மோசமாகிவிட்டது” என்று பலர் சொல்வார்கள். முட்டியைவிடத் தசையில்தான் அந்த ஒரு வாரம் அதிகம் வேலை செய்திருக்கும்.

தினமும் நடக்கிறேனே, அது போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நடை நல்லது. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு, மனசுக்கு, முட்டி வலிக்கும்கூட. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடையின் முன்தசை தன் முழு வலுவில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. பழகிப்போன சுமைக்கு எந்தத் தசையும் வளராது. பத்து வருடமாகக் கடற்கரையிலும் பூங்காவிலும் தினமும் நடப்பவர்கள், தாழ்ந்த சோபாவிலிருந்து எழக் கை நீட்டி உதவி கேட்பதைப் பார்க்கலாம்.

தசை வளர அதற்குப் பழக்கமில்லாத சுமை வேண்டும். அந்தச் சுமை வாரங்கள் செல்லச் செல்லக் கூட வேண்டும். நம்மிடம் “நடங்க, வெயிட் குறைங்க” என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. எந்தத் தசைக்கு, எவ்வளவு சுமை, எப்போது கூட்டுவது என்பதை யாரும் சொல்வதில்லை. நடையை விட வேண்டாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் அதில் பத்து இருபது நிமிடத்தை எடுத்துத் தசைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

சரி, என்ன பயிற்சி செய்யலாம்?

எழவே சிரமப்படுபவர்கள் படுக்கையிலிருந்து தொடங்கலாம். காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, துண்டை முட்டியால் அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவது. அடுத்து, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு மற்ற காலை நேராக ஓர் அடி தூக்கி இறக்குவது. இவை இரண்டும் தொடக்கத்துக்கு நல்லவை. சிக்கல் என்னவென்றால் பலர் இதிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இவை சுலபமாகிவிடும், அப்போதே தாண்டிவிட வேண்டும்.

அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது. கணுக்காலில் எடை கட்டிக்கொள்ளலாம். கடையில் வாங்க வேண்டியதில்லை. அரை கிலோ அரிசியையோ மணலையோ துணிப்பையில் தைத்துக் கட்டினால் போதும். அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான். காரணம், வாழ்க்கையில் தேவைப்படும் அசைவும் அதுவே. முதலில் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்யுங்கள், மூன்று வரை எண்ணி இறங்குங்கள். பத்து முறை வசதியாக வந்தால் தலையணையை எடுத்துவிடுங்கள். பிறகு கைகளில் இரண்டு தண்ணீர் பாட்டில். பிறகு தாழ்ந்த நாற்காலி. மோசமான காலை உடலுக்கு நெருக்கமாகவும் நல்ல காலைச் சற்று முன்னாலும் வைத்தால் வேலை மோசமான காலுக்குப் போகும். இல்லாவிட்டால் நல்ல கால் முழு வேலையையும் செய்துவிட்டு, நாமும் பயிற்சி செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

இதோடு வீட்டு வாசல்படியில் ஒரு படி ஏறி இறங்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது. அளவு: ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே சுலபமாகப் பன்னிரண்டு முடிகிறது என்றால் எடை போதவில்லை.

ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துத் தொடங்குவது நல்லது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள்.

பயிற்சி செய்யும்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா?

பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். ஐந்துக்குள் இருக்கும் வலியோடு செய்யலாம். பிசியோதெரபிஸ்டுகள் பலர் பின்பற்றும் கணக்கு இது. முக்கியமான விதி மறுநாள் காலையில் இருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும், முட்டி கூடுதலாக வீங்கக் கூடாது. திரும்பவில்லை என்றால் அடுத்த முறை எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். பயிற்சியையே விட்டுவிடாதீர்கள். தொடை சதையில் வரும் வலி வேறு. அது பழக்கமில்லாத சுமையால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

படி ஏறலாமா? தரையில் உட்காரலாமா?

“படி ஏறாதே, சம்மணம் போடாதே, இந்தியன் டாய்லெட் வேண்டாம்” என்ற பட்டியல் முட்டி வலி உள்ள எல்லார் கையிலும் இருக்கிறது. வலி அதிகம் உள்ள காலத்துக்கு அது சரி; ஆழமாகக் குந்தும்போது சில்லு எலும்பின் அடியில் அழுத்தம் பலமடங்கு ஏறுகிறது. ஆனால் தடையாகப் போட்டதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. தரையில் உட்கார்ந்து எழுவதும் படி ஏறுவதும்தான் நம் ஊரில் தொடைக்குக் கிடைத்த இலவசப் பயிற்சி. இரண்டையும் நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக எதையும் கொடுக்காவிட்டால் தசை எப்படி இருக்கும்? படியை முழுக்க விடாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முடிந்த அளவு. குந்துவதைக் குறைத்தால், நாற்காலிப் பயிற்சியை அதன் இடத்தில் வையுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

முதல் நான்கு முதல் ஆறு வாரத்தில் வலு கூடும், தொடை பருக்காது. நரம்புகள் தசையை முன்பைவிட நன்றாக இயக்கக் கற்றுக்கொள்கின்றன. தசையின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாற 8 முதல் 12 வாரம் ஆகும். வலி, நடமாட்டம் இரண்டிலும் வித்தியாசம் உணர முன்தொடையின் வலு குறைந்தது 30, 40 சதவீதம் கூட வேண்டும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பத்து நாள் வலிக்குக் ‘கரண்ட்’ வைத்துவிட்டு, கூடவே இரண்டு பயிற்சி செய்துவிட்டு “பிசியோதெரபி எனக்கு ஒத்துவரவில்லை” என்பவர்கள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு 80 வயது. இனிமேல் தசை வளருமா?

வளரும். 1990இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள், அதுவும் மென்மையாக அல்ல, தூக்க முடிந்ததில் பெரும்பங்கு எடையோடு. முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடக்கத்தில் வலு மிகக் குறைவாக இருந்ததும் இவ்வளவு பெரிய எண்ணுக்கு ஒரு காரணம். இருக்கட்டுமே, நம் வீட்டு எண்பது வயதுக்காரர்களும் அங்கிருந்துதானே தொடங்குகிறார்கள்.

பயிற்சியால் தேய்மானம் கூடிவிடாதா? அல்லது குறையுமா?

அளவோடு செய்யும் பயிற்சி குருத்தெலும்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. குருத்தெலும்பைத் திரும்ப வளர்ப்பதாகவும் தெரியவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

வலியைப் பொறுத்தவரை பலன் உண்டு, மிகைப்படுத்தக் கூடாது. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 377 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: கனமான எடைப் பயிற்சி, லேசான எடைப் பயிற்சி, பயிற்சியில்லாமல் ஆரோக்கிய வகுப்பு மட்டும். 18 மாதம் கழித்து முட்டி வலியில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றிலும் வலி குறைந்திருந்தது. இதைக் காட்டிப் ‘பயிற்சியே வீண்’ என்பார்கள் சிலர். நான் அப்படிப் படிக்கவில்லை. வலிக்காக ஜிம்மில் மலையைத் தூக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் உள்ள செய்தி. தசை வேறு கணக்கு. வலி அதே இடத்தில் இருந்தாலும், உதவியின்றி எழுந்து கழிவறைக்குப் போக முடிவது தசையால்தான்.

கால் வளைந்துவிட்டது. எனக்கும் இதே பயிற்சியா?

சற்று எச்சரிக்கை தேவை. மூட்டு வளைந்தும் தளர்ந்தும் போனவர்களில், முன்தொடை வலு அதிகம் உள்ளவர்களுக்குத் தேய்மானம் வேகமாகப் போனதாக 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. அது மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. பயிற்சி கொடுத்துப் பார்த்ததல்ல. அதனால் பயிற்சியை விட வேண்டியதில்லை. முன்தொடையோடு இடுப்புப் பக்கவாட்டுத் தசைக்கும் சம இடம் கொடுத்து, எடையை மெதுவாக ஏற்ற வேண்டும். இதை வீடியோ பார்த்துச் செய்யாமல் நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்?

புரதம். பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் கட்டுமானப் பொருள் பற்றாக்குறை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று உலக அளவில் நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் நான்கு இட்லி சாம்பார், மதியம் சாதம், சாம்பார், கூட்டு, தயிர், இரவு மூன்று சப்பாத்தி குருமா, நடுவில் இரண்டு காபி என்று கூட்டிப் பாருங்கள்: 40க்கும் 50க்கும் நடுவில்தான் நிற்கும். பல் போன, பசி குறைந்த பாட்டி இதில் பாதிதான் சாப்பிடுகிறார். இரவில் இரண்டு பிஸ்கட்டும் பாலும் என்று முடித்துக்கொள்பவர்களின் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

குறையை நிரப்புவது கஷ்டமில்லை. இரண்டு முட்டை 12 கிராம். நூறு கிராம் மீன் 18 முதல் 20. பன்னீர் 100 கிராமில் சுமார் 18. காய்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9. ஒரு டம்ளர் பாலில் 6. ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் காலைச் சாப்பாட்டில். சாம்பாரில் பருப்பைத் தேட வைக்கும் ஓட்டல் சாம்பாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எடை குறைத்தால் தசையும் குறையுமாமே?

ஆம், ஆனாலும் எடை குறைக்க வேண்டியவர்கள் குறைக்கத்தான் வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்பது 2005இல் அமெரிக்காவில் கணக்கிட்டது. குறையும் எடையில் பொதுவாக நான்கில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், கொழுப்பல்லாத திசு. பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். எடைப் பயிற்சியும் புரதமும் இந்த இழப்பைக் கணிசமாகத் தடுக்கும்.

இப்போது எடை குறைக்கும் செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உடல் பருமனும் முட்டி வலியும் உள்ள 407 பேரில் ஒரு பகுதியினருக்கு செமாகுளூடைட்டும் மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. 68 வாரத்தில் செமாகுளூடைட் போட்டவர்களின் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, முட்டி வலியும் மருந்தில்லா ஊசி போட்டவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் பசி அடங்கிப்போன ஒருவர் புரதத்தையும் சேர்த்துத்தான் குறைக்கிறார். இந்த ஊசி போடுகிறவர்களுக்குத் தசைப் பயிற்சி விருப்பப் பாடம் அல்ல.

கொலாஜன், குளுக்கோசமைன், வைட்டமின் டி?

தசையை வளர்க்க முதலிரண்டுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். கொலாஜனில் அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபேன் கிடையாது, அதனால் அது முழுமையான புரதம் அல்ல. முட்டித் தேய்மானத்துக்கு குளுக்கோசமைன் வேண்டாம் என்றே அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019இல் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. வைட்டமின் டி ரத்தத்தில் உண்மையிலேயே மிகக் குறைவாக இருந்தால் தசை பலவீனம் வரும், அப்போது சரிசெய்ய வேண்டும். போதுமான அளவு உள்ளவர்கள் மேலும் மேலும் விழுங்கிப் பயனில்லை.

வலிக்கு ஒரு பொடி வாங்கினேன். நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

லேபிள் இல்லாத பொடி, பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரை, இரண்டே நாளில் வலி பறந்துவிடும் ‘மூலிகை’ உருண்டை: இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. நாள்பட்ட ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், அதுவும் இடுப்பு, தொடைத் தசைகளை முதலில். வலி போனது, ஆனால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

முட்டிக்குள் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரம் ஆறுதல் தரும். அந்தச் சில வாரத்தைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த ஆய்வில் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது, வலியில் மிச்சம் ஒன்றும் இல்லை.

முட்டி உறை (நீ கேப்) போட்டால் தசை சோம்பேறியாகிவிடுமா?

போடுவதால் மட்டும் தசை போவதில்லை. பிடிமானம் இருக்கும் தைரியத்தில் கொஞ்சம் கூடுதலாக நடப்பீர்கள் என்றால் போடுங்கள். ராத்திரி தூங்கும்போது வேண்டாம்.

முட்டி மாற்று ஆபரேஷன் செய்யப்போகிறோம். இனி எதற்குப் பயிற்சி?

மாற்றுவது மூட்டை, தொடை பழைய தொடைதான். ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் முன்தொடையின் வலு அதற்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 60 சதவீதம் வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். வெட்டியதும் வீக்கமும் சேர்ந்து, முதல் பதிலில் சொன்ன தூண்டல் குறைவு உச்சத்தில் இருக்கும் காலம் அது. கையிருப்பு குறைவாக இருப்பவர் அதில் மிகவும் கீழே போய்விடுவார். தேதி குறித்த நாளிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள். இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்களுக்குத் தாங்கிப் பிடிக்க நல்ல கால் என்று ஒன்று இருக்காது, அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

பின்னால், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதிலேயே வீடு முழுக்கக் கண்ணாக இருக்கும். மடக்குவதோடு வலுவையும் பாருங்கள். தொடக்க வாரங்களில் தசையைத் தூண்டும் மின்சிகிச்சை உதவும். வலியைக் குறைக்க வைக்கும் கரண்ட் வேறு, இது வேறு: இதில் தொடை கண்ணுக்குத் தெரியும்படி இறுக வேண்டும். வாக்கரை விட்டதும் பயிற்சியை விட்டுவிடுபவர்கள், ஓர் ஆண்டு கழித்தும் படியில் திணறுகிறார்கள்.

எந்த மெலிவு தேய்மானத்தால் வந்ததல்ல என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேய்மானத்தால் வரும் மெலிவு மெதுவானது. சில வாரத்திலேயே ஒரு தொடை மட்டும் வேகமாக மெலிந்தால் வேறு காரணம் தேட வேண்டும். கீழ்முதுகில் நரம்பு அழுந்தினால் தொடை மெலியும்; முதுகிலிருந்து முன்தொடைக்கு வலி இறங்கும், மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இடுப்பு, தொடை நரம்புகள் பாதிக்கப்பட்டு, கடுமையான தொடை வலியோடு தசை கரைந்து உடல் எடையும் குறையும் ஒரு நிலை உண்டு. அதை முட்டி வலி என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தொடையும் இரண்டு தோளும் சேர்ந்து பலவீனமானால் தைராய்டு, ஸ்டீராய்டு, கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் யோசிப்பார். ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்த வேண்டாம். முட்டி சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

பிசியோதெரபிக்குத் தொடர்ந்து செலவழிக்க வசதியில்லை. என்ன செய்வது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தனியாரிடம்தான் போக முடியும் என்றால், தினமும் போய்ப் பத்து நாளில் காசை முடிக்காதீர்கள். முதல் நாள் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று இடைவெளி விட்டுப் போய் அடுத்து எடையை எவ்வளவு ஏற்றலாம் என்று கேளுங்கள். போகும்போது எத்தனை கிலோ, எத்தனை முறை, மறுநாள் வலி எவ்வளவு என்று எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.